குருளையின் மூச்சு

நுழையும்முன்

நோய் வந்தபின் மருந்து தேடுவது ஒரு வழி. வருமுன் உடலை ஆயத்தப்படுத்துவது மற்றொரு வழி. தடுப்பூசி இரண்டாம் வழியைச் சார்ந்தது. பிறந்து மூன்று வாரங்களே ஆன பன்றிக்குட்டியின் கழுத்தில் இடப்படும் ஓர் ஊசிக்குப் பின்னே தாய்ப்பாலின் அறிவியலும், நுண்ணுயிரியின் சூழ்ச்சியும், காற்றின் போக்கும், பண்ணையாளரின் கணக்கும் ஒருங்கே நிற்கின்றன. அவற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப்பெயர்களை நுணுக்கமாக வகுத்துரைக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குருளை’ என்னும் பெயர் உரியது என்பது அந்நூலின் கருத்து. கேழல், ஏனம் என்று வளர்ந்த பன்றிக்குத் தனித்தனிப் பெயர்களை வைத்திருந்த மொழி, அதன் குட்டிக்கும் ஒரு பெயரை மறவாமல் வைத்திருந்தது. இன்று நகர்ப்புறத்தில் வாழ்வோர் பலருக்குப் பன்றி என்றவுடன் தெருவோரக் காட்சி ஒன்றே நினைவுக்கு வரும். உலகின் பல நாடுகளிலோ பன்றி வளர்ப்பு, நெல் விளைவிப்பதைப் போன்றே, குடும்பங்களின் வாழ்வாதாரமாகத் திகழ்கிறது.

பண்ணையில் பிறக்கும் குருளை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடை இருக்கும். நல்ல தீவனமும் நல்ல கொட்டிலும் வாய்த்தால் ஆறு மாதத்தில் அது நூறு கிலோகிராமைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு விரைந்து வளரும் உடலுக்கு ஓயாமல் உயிர்வளி வேண்டும். ஆகவே, பன்றி வளர்ப்பில் வயிற்றுக்கு அடுத்தபடியாகப் பேணப்படவேண்டிய உறுப்பு நுரையீரலே ஆகும். அந்நுரையீரலைத் தாக்கும் நோய்கள் பல. அவற்றுள் மிகப் பரவலானதும், மிகக் குறைந்த ஆரவாரத்துடன் வருவதுமான நோய் ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர்கள் அதனை ‘என்சூட்டிக் நிமோனியா’ என்பர். ஓரிடத்தில் வந்து, அங்கேயே நிலைத்துத் தங்கிவிட்ட நுரையீரல் அழற்சி என்பது அப்பெயரின் பொருள்.

கொல்லாத நோய்

கொள்ளைநோய் வந்தால் பண்ணையில் பிணங்கள் விழும்; எவரும் அறிவர். இந்நோய் அவ்வாறு வருவதன்று. குட்டிகள் சாவதில்லை, காய்ச்சலும் பெரும்பாலும் இல்லை. தீவனம் தின்னும், ஓடும், ஆடும். காலையில் கொட்டிலின் கதவைத் திறந்து அவற்றை எழுப்பும்போது மட்டும் சில பன்றிகள் கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, தொடர்ந்து வறட்டிருமல் இருமும். சளி வெளிப்படாது. சிறிது நேரத்தில் இருமல் நின்றுவிடும். இவ்வாறு வாரக்கணக்கில் நடக்கும். மூன்று மாத வயதிற்குப் பின்னரே பெரும்பாலும் இது வெளிப்படையாகத் தெரியும்.

அதற்குள் இழப்பு நேர்ந்திருக்கும். ஒரே ஈற்றில் பிறந்து, ஒரே தீவனத்தைத் தின்ற பன்றிகளுள் சில முன்னே போக, சில பின்தங்கும். ஒரே நாளில் விற்பனைக்கு ஆயத்தமாக வேண்டிய கூட்டம் பெரிதும் சிறிதுமாகக் கலைந்து நிற்கும். பின்தங்கியவற்றுக்கு மேலும் சில வாரங்கள் தீவனமிட வேண்டும். தீவனச் செலவே பன்றி வளர்ப்பின் பெருஞ்செலவு என்பதால், இந்தச் சில வாரங்கள் ஆதாயத்தை உண்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கசிவினால் குளம் வற்றுவதைப் போன்றது இவ்விழப்பு.

காரணியைத் தேடிய காலம்

இந்நோயின் காரணி எது என்பதை அறிய நெடுங்காலம் ஆயிற்று. 1918இல் மனிதரிடையே பெருங்கொள்ளையாகப் பரவிய இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலின்போது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பன்றிகளிடையேயும் அதையொத்த நோய் காணப்பட்டது. ரிச்சர்டு ஷோப் என்னும் அறிவியலாளர் பன்றிகளின் இன்ஃபுளுவென்சாவை விளைவிப்பது வைரசே என்பதை 1931இல் நிறுவினார். மனித இன்ஃபுளுவென்சா வைரசு பிரித்தறியப்பட்டதற்கு ஈராண்டுகள் முற்பட்ட கண்டுபிடிப்பு இது. அதன்பின் பன்றி இருமினால் அது வைரசின் வேலையே என்று கருதும் போக்கு வலுப்பெற்றது.

1951இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் குல்ராஜானி, பெவரிட்ஜ் ஆகிய இருவரும் பன்றிகளிடையே பரவும் ஒருவகை நுரையீரல் அழற்சி இன்ஃபுளுவென்சாவிலிருந்து வேறுபட்டது என்று பிரித்துக் காட்டினர். நோய் வேறு என்பது தெளிந்தது. ஆனால் காரணி கிட்டவில்லை. நோயுற்ற நுரையீரலின் சாற்றை வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் இட்டால், நோய்க்குக் காரணம் என்று சொல்லத்தக்க பாக்டீரியா எதுவும் முளைக்கவில்லை. ஆகவே அதற்கும் ‘வைரசு நிமோனியா’ என்றே பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அப்பெயர் நிலவிற்று.

1965இல் விடை கிடைத்தது. அயோவாவில் மாரே, சுவிட்சர் ஆகியோரும், கேம்பிரிட்சில் குட்வின், பாமராய், விட்டில்ஸ்டோன் ஆகியோரும், கடலுக்கு இருபுறமும் தனித்தனியே ஆய்ந்து, ஒரே உயிரியைப் பிடித்தனர். இரு குழுவினரும் அதற்கு இரு பெயர்களை இட்டனர். அயோவாக் குழு சூட்டிய ‘மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே’ என்பதே பின்னர் நிலைபெற்றது. ‘ஹையோ’ என்பது பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அது ஏன் அத்தனை காலம் ஒளிந்திருந்தது? மைக்கோபிளாஸ்மா மிகச் சிறிய பாக்டீரியா வகை. தனக்கு வேண்டிய பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை, ஓம்புயிரியிடமிருந்தே பெறவேண்டும். ஆகவே, ஊடகத்தில் பன்றியின் ஊனீர் முதலிய வளமான பொருள்களைச் சேர்த்தாலன்றி அது வளராது. அப்படியும் வளர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் விரைந்து வளரும் பிற பாக்டீரியாக்கள் ஊடகத்தை நிரப்பிவிடும். நிதானமாக வரும் விருந்தாளிக்கு இடமில்லாதபடி முந்தி வந்தவர்கள் பந்தியை நிறைத்துவிடுவதை ஒத்தது இது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரீஸ் என்பவர் அமைத்த ஊடகம் இதற்கென்றே இன்றளவும் ஆய்வகங்களில் வழங்குகிறது.

துடைப்பம் இழந்த வீடு

மூச்சுக்குழலின் உட்பரப்பு முழுவதும் மயிரினும் நுண்ணிய இழைகள் அடர்ந்திருக்கின்றன. அவை குறுஇழைகள் எனப்படும். காற்றில் வீசும் நெற்பயிர்போல அவை ஒரே திசையில் ஓயாது அசைந்து, மேற்படிந்த சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. மூச்சுடன் புகும் தூசியும் நுண்ணுயிரிகளும் அந்தச் சளியில் ஒட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. கொட்டிலின் புழுதியிலும் அமோனியா நெடியிலும் வாழவேண்டிய பன்றிக்கு இந்தத் துடைப்பம் எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மைக்கோபிளாஸ்மா நுரையீரலின் ஆழத்திற்குள் பாய்வதில்லை. அது இந்தக் குறுஇழைகளையே பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட இழைகள் அசைவு குன்றி, ஒன்றோடொன்று ஒட்டி, இறுதியில் உதிர்ந்து போகின்றன. துடைப்பம் இழந்த வீட்டில் குப்பை சேர்வதுபோலச் சளி தேங்குகிறது. அடுத்து, வழக்கமாக மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருக்கும் பாஸ்டுரெல்லா முதலிய பாக்டீரியாக்கள் தடையின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. வாசலைத் திறந்தவன் ஒருவன்; உள்ளே புகுந்து சூறையாடுபவர் வேறு பலர். பன்றிக்கு நேரும் பெருங்கேடு இந்த இரண்டாம் கூட்டத்தாலேயே பெரிதும் விளைகிறது.

உடலும் வாளாவிருப்பதில்லை. வெள்ளணுக்கள் மூச்சுச் சிறுகுழல்களைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாகக் குவிகின்றன. காக்க வந்த படையே குழலை நெருக்கிக் காற்றின் வழியைக் குறுக்குகிறது. நுரையீரல் சேதத்தில் ஒரு பங்கு இந்த மிகைச்செயலால் வருவது என்பது கவனிக்கத்தக்கது.

மருந்தால் இதனைத் துடைத்தெறிய இயலாதா என்னும் வினா எழலாம். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே இல்லை. இல்லாத மதிலை இடிக்க முடியாது. டெட்ராசைக்கிளின் போன்ற வேறுவகை எதிர்நுண்ணுயிரி மருந்துகள் பயன்தரும். ஆயினும் அவை நோயை அடக்குமேயன்றி, மந்தையிலிருந்து கிருமியை முற்றாக நீக்குவதில்லை. மேலும், கால்நடைத் தீவனத்தில் மருந்துகளைத் தாராளமாகக் கலப்பதால் மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருகும் என்னும் அச்சம் வலுத்தது. வளர்ச்சியை ஊக்குவிப்பதற்காக எதிர்நுண்ணுயிரி மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் அறவே தடைசெய்தது. இச்சூழலில்தான் தடுப்பூசியின் மதிப்பு உயர்ந்தது.

சீம்பால் என்னும் முதல் காப்பு

தடுப்பூசியைப் பற்றி அறியுமுன் சீம்பாலைப் பற்றி அறிதல் வேண்டும். மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடியின் வழியே குழந்தையின் குருதியைச் சேர்கின்றன. பன்றியில் அவ்வாறு நிகழ்வதில்லை. தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் இடையே ஆறு அடுக்குத் திசுக்கள் தடுப்பாக நிற்கின்றன. எதிர்ப்பொருள்கள் அவற்றைக் கடப்பதில்லை. எனவே பன்றிக்குட்டி எதிர்ப்பொருள் ஏதுமின்றி, கவசமற்ற வீரனைப்போல இவ்வுலகில் வந்து விழுகிறது.

அக்கவசத்தைச் சீம்பால் அளிக்கிறது. ஈன்றவுடன் சுரக்கும் இப்பாலில் எதிர்ப்பொருள்கள் செறிந்துள்ளன. புதிதாய்ப் பிறந்த குட்டியின் குடல் அவற்றைச் செரித்து அழிக்காமல், முழுமையாகவே குருதிக்குள் விடுகிறது. இந்த வாயில் நெடுநேரம் திறந்திருப்பதில்லை. பிறந்து ஒன்று அல்லது ஒன்றரை நாளில் மூடிக்கொள்கிறது. அதே வேளையில் தாயின் மடியிலும் சீம்பாலின் செறிவு மணிக்கு மணி குறைகிறது. ஒருபுறம் கதவு மூடுகிறது. மறுபுறம் களஞ்சியம் வற்றுகிறது. முதலில் பிறந்த குட்டி வயிறார உண்ண, கடைசியில் பிறந்த நோஞ்சான் குட்டி மடியை எட்டும்போது நேரம் கடந்திருக்கக்கூடும்.

அதனால்தான் நல்ல பண்ணையாளர்கள் தாய்ப்பன்றி ஈனும் இரவில் கண்விழித்திருப்பர். முன்னர் உண்டு கொழுத்த குட்டிகளைச் சிறிது நேரம் வைக்கோலிட்ட பெட்டிக்குள் அடைத்துவிட்டு, மெலிந்தவற்றை மடியில் விடுவர். இந்த ஒரு மணி நேர உழைப்பிற்கு ஈடாக எந்த மருந்துப் புட்டியும் இல்லை.

சீம்பாலில் எதிர்ப்பொருள்கள் மட்டுமல்லாமல் தாயின் உயிருள்ள வெள்ளணுக்களும் இருக்கின்றன. அவையும் குட்டியின் குடலைக் கடந்து குருதியைச் சேர்கின்றன. வியப்பு என்னவெனில், ஈன்ற தாயின் அணுக்களையே குட்டியின் உடல் இவ்வாறு ஏற்கிறது; பிற தாயின் பாலிலுள்ள அணுக்கள் அவ்வாறு சேர்வதில்லை. எதிர்ப்பொருள்களையோ எந்தத் தாயிடமிருந்தும் பெறலாம். குட்டிகள் மிகுந்த தாயிடமிருந்து சிலவற்றை எடுத்து வேறு தாயிடம் விடுவது பண்ணைகளின் வழக்கம். ஈன்ற தாயிடம் சீம்பால் அருந்தியபின்னரே அவ்வாறு மாற்றவேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எந்த நாளில் ஊசி?

தாய் தந்த எதிர்ப்பொருள்கள் கடன் வாங்கிய பொருளைப் போன்றவை. குட்டியின் உடல் அவற்றை ஆக்கவில்லை; ஆதலால் நாளடைவில் தேய்ந்து, சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதன்பின் குட்டி தன் காவலைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் கற்றுத்தருவதே தடுப்பூசியின் பணி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குருதியில் தாயின் எதிர்ப்பொருள்கள் நிறைந்திருக்கும் நாளில் ஊசியிட்டால், அவை தடுப்பூசியிலுள்ள பொருளையே பகையென்று கருதிப் பற்றிக்கொள்ளக்கூடும். அதனால் குட்டியின் சொந்தக் காவலமைப்பு பாடம் கற்பதில் குறைவு நேரலாம். அவை முற்றும் மறையட்டும் என்று காத்திருந்தாலோ, கிருமி முந்திக்கொள்ளும். ஏனெனில் குட்டிகள் பால்குடிக்கும் பருவத்திலேயே தாயின் மூக்கோடு மூக்குரசிக் கிருமியைப் பெற்றுவிடுகின்றன. ஊசியிட்டபின் காப்பு உருவாவதற்கும் இரண்டு மூன்று வாரங்கள் தேவை. முந்தினாலும் இழப்பு, பிந்தினாலும் இழப்பு.

மைக்கோபிளாஸ்மாத் தடுப்பூசிகள் 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை கொல்லப்பட்ட முழுக் கிருமிகளைக் கொண்டவை. செத்த கிருமியால் நோயுண்டாக்க இயலாது. அதன் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் மட்டும் பகைவனின் முகச்சாயலை உடலுக்கு அறிமுகப்படுத்துகின்றன. செத்த பகைவனைக் கண்டு உடல் போதிய அளவு கிளர்ச்சி கொள்வதில்லை என்பதால், எண்ணெய் முதலிய துணைப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. அவை ஊசியிட்ட இடத்தில் சிறு அழற்சியை உண்டாக்கிக் காவல் அணுக்களை அழைத்து வருகின்றன.

முதல் வாரத்தில் ஒன்று, மூன்றாம் வாரத்தில் ஒன்று என இருமுறை ஊசியிடுவது ஒரு முறை. மூன்று வார வயதில் ஒரே ஊசியுடன் நிறுத்துவது மற்றொன்று. வேலை குறைவு என்பதால் பின்னது பல நாடுகளில் பரவியுள்ளது. எம்முறை எப்பண்ணைக்குப் பொருந்தும் என்பதைக் கிருமி அங்கே எவ்வயதில் தொற்றுகிறது என்பதே முடிவுசெய்கிறது. எல்லாப் பண்ணைக்கும் ஒரே நாள்காட்டி என்பது கால்நடை மருத்துவர் ஏற்கத்தக்கதன்று.

பால்மறக்கச் செய்யும் நாளும் ஏறத்தாழ அப்போதுதான் வருகிறது. தாயைப் பிரிதல், புதிய கொட்டில், அறியாத துணைகள், பாலுக்கு மாற்றாக உலர்ந்த தீவனம் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் குட்டியின்மேல் விழுகின்றன. அந்நாளிலேயே ஊசியையும் போட்டுவிட்டால் பண்ணையாளருக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் அலைக்கழிந்த உடல் எதையும் செவ்வனே கற்பதில்லை. தாயோடு அமைதியாக இருக்கும்போதே, பிரிப்பதற்குச் சில நாள்கள் முன்னதாக ஊசியிடுவது நல்லது என்று கருதப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

தடுப்பூசிப் புட்டி 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருக்கவேண்டும். வெப்பத்தால் கெடும் என்பதைப் பலரும் அறிவர். உறைந்தாலும் கெடும் என்பதைச் சிலரே அறிவர். உறைந்து உருகிய புட்டியில் துணைப்பொருள் பிரிந்துபோகும். குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டிப் புட்டியை வைத்தலாகாது. ஊசி, காதின் பின்புறம் கழுத்துத் தசையில் இடப்படும். தொடையில் இட்டால் விலையுயர்ந்த இறைச்சிப் பகுதியில் கட்டியோ தழும்போ நேரக்கூடும். மழுங்கிய ஊசியையும் வளைந்த ஊசியையும் உடனே நீக்கிவிட வேண்டும்.

ஊசி செய்வதும் செய்யாததும்

இத்தடுப்பூசி பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. ஊசியிட்ட விலங்கிற்குள் கிருமி நுழையவே நுழையாது என்பது அது. மைக்கோபிளாஸ்மாவைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. ஊசியிடப்பட்ட பன்றியின் மூச்சுக்குழலிலும் கிருமி குடியேறும். அப்பன்றியிடமிருந்து பிறவற்றுக்குப் பரவவும் செய்யும். குருதியில் ஓடும் காவல், மூச்சுக்குழலின் வெளிப்பரப்பில் இழைகளைப் பற்றித் தொங்கும் கிருமியை எளிதில் எட்டுவதில்லை.

ஆயின் பயன் என்ன? கிருமியின் எண்ணிக்கை குறைகிறது, நுரையீரலில் தோன்றும் சேதம் சுருங்குகிறது, இருமல் தணிகிறது, வளர்ச்சி காக்கப்படுகிறது. நாள்தோறும் கூடும் எடையில் 2 முதல் 8 விழுக்காடுவரை முன்னேற்றம் கிட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிறு எண்ணாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு 800 கிராம் கூடும் பன்றிக்கு 5 விழுக்காடு என்பது 40 கிராம். நூறு நாளில் அது 4 கிலோகிராம். ஆயிரம் பன்றிகள் உள்ள பண்ணையில் 4000 கிலோகிராம். இக்கணக்கே உலகெங்கும் இத்தடுப்பூசியைப் பரப்பியது எனலாம்.

இதனால் இன்னொன்றும் விளங்கும். ஊசியிட்டாயிற்று என்று கொட்டிலைக் கவனியாது விடுவது வீண். காற்றோட்டமின்றி அமோனியா நிறைந்த கொட்டிலில் குறுஇழைகள் கிருமியின்றியே நலிகின்றன. பல வயதுப் பன்றிகளை ஒரே கொட்டிலில் கலந்து வளர்த்தால், மூத்தவை இளையவற்றுக்கு நோயைக் கையளித்துக்கொண்டே இருக்கும். ஒரே வயதினவற்றை ஒன்றாக உள்ளே விட்டு, ஒன்றாக வெளியேற்றி, கொட்டிலைக் கழுவி உலரவிட்டு, பின்னரே அடுத்த கூட்டத்தை விடுவது சிறந்த முறை.

புதிதாக வாங்கிவரும் இளம் பெண்பன்றிகளும் கவனத்திற்குரியன. ஒருமுறை தொற்றிய கிருமி பன்றியின் உடலில் ஏழு, எட்டு மாதங்கள்வரை தங்கக்கூடும். இளம்பன்றி தாமதமாகத் தொற்றுப் பெற்றால், முதல் ஈற்றுக்குக் குட்டி போடும் நாளில் கிருமியை உமிழ்ந்துகொண்டிருக்கும். முன்னதாகவே தொற்றுப் பெற்றிருந்தால், ஈனும் காலத்திற்குள் அது ஓய்ந்திருக்கும். எனவே சில பண்ணைகளில் இளம்பன்றிகளை வேண்டுமென்றே சிறு வயதிலேயே அப்பண்ணையின் கிருமிக்கு அறிமுகப்படுத்துகின்றனர். நோயைத் தவிர்க்க நோயைத் தருவது முரணாகத் தோன்றினாலும் கணக்கு சரியே.

ஊசியின்றி வென்ற நாடு

சுவிட்சர்லாந்து வேறொரு வழியைத் தேர்ந்தது. நோயோடு வாழப் பழகுவதைவிட நோயையே ஒழிப்பது மேல் என்று அந்நாடு கருதியது. கிருமி தங்கும் கால அளவே அதற்குத் துருப்புச்சீட்டு. பத்து மாதத்திற்கு மேற்பட்ட பன்றிகள் பெரும்பாலும் கிருமியை உமிழ்வதை நிறுத்தியிருக்கும் என்பது அனுபவத்தால் அறியப்பட்டிருந்தது. ஆகவே இனப்பெருக்கப் பண்ணைகளில் பத்து மாதத்திற்குட்பட்ட பன்றி ஒன்றுகூட இல்லாதபடி இரண்டு வாரக் காலம் ஏற்படுத்தப்பட்டது. அந்நாள்களில் எஞ்சிய மூத்த பன்றிகளுக்கு மருந்து கலந்த தீவனம் தரப்பட்டது. அதன்பின் பிறந்த குருளைகள் நோயற்ற கொட்டிலில் கண்விழித்தன. கொழுக்கவைக்கும் பண்ணைகளோ ஒரே காலத்தில் முற்றிலும் காலிசெய்யப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டன.

ஒரு பண்ணை மட்டும் இதைச் செய்து பயனில்லை. காற்று வேலி அறியாது. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், உயிருள்ள மைக்கோபிளாஸ்மா 9 கிலோமீட்டருக்கு அப்பாலும் காற்றில் பிடிபட்டது. ஆகவே 1996 முதல் 2004 வரை, நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ள பண்ணைகள் யாவும் ஒரே வேளையில் இத்திட்டத்திற்கு உட்பட்டன. அண்டை வீட்டார் ஒருவர் மறுத்தாலும் மற்றவர் உழைப்பு வீணாகும் பணி இது. அதற்குப் பின்னரும் ஒருசில பண்ணைகளில் நோய் மீண்டும் தலைகாட்டியது. உடனுக்குடன் அது நீக்கப்பட்டது.

ஏறத்தாழ 15 இலட்சம் பன்றிகளும் மலைகளால் பிரிக்கப்பட்ட பள்ளத்தாக்குகளும் கொண்ட நாட்டிற்கு இது இயன்றது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பன்றிகள் சமவெளியில் நெருங்கி வாழும் டென்மார்க்கின் நிலை வேறு. அங்கே அறுவை முறையில் எடுக்கப்பட்டு, நோயற்ற சூழலில் வளர்க்கப்பட்ட குட்டிகளின் வழிவந்த நலமிக்க மந்தைகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள்ளும் சில மந்தைகளில், குறிப்பாக இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும், காற்றின் வழியே நோய் மீண்டும் புகுந்தது. ஒழிக்க இயலாத இடத்தில் ஊசியும், ஊசி தேவையற்ற இடத்தில் ஒழிப்பும் என இரு வழிகளும் இன்று உலகில் அருகருகே நிலவுகின்றன.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பங்கு வடகிழக்கு மாநிலங்களில், வீட்டுக்கு இரண்டு மூன்றாக வளர்க்கப்படுபவை. அங்கே உயிரையே பறிக்கும் பன்றிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியே முதன்மையானது. பன்றிகளின் கருச்சிதைவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் காரணமான மற்றொரு வைரசு நோய் 2013இல் மிசோரமில் முதன்முதலாக வெளிப்பட்டுப் பெருஞ்சேதம் விளைவித்தது. வளர்ச்சி குறைவதைப் பற்றிக் கவலைப்படும் நிலையை எய்துமுன், உயிரைக் காக்கும் நிலையை எய்தவேண்டியுள்ளது.

நுரையீரல் சொல்லும் செய்தி

மூன்றாம் வாரத்தில் இட்ட ஊசி பயன்தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? குருதியைச் சோதித்தால் எதிர்ப்பொருளின் அளவு தெரியும். ஆனால் இந்நோயில் குருதியிலுள்ள எதிர்ப்பொருளின் அளவும் பன்றி பெற்ற காப்பும் ஒத்துப்போவதில்லை. அளவு குறைந்த பன்றி நலமாக இருக்கலாம். மிகுந்த பன்றி இருமிக்கொண்டிருக்கலாம்.

எனவே விடையை இறைச்சிக்கூடத்தில் தேடுகின்றனர். நலமான நுரையீரல் வெளிர்ச்சிவப்பாக, பஞ்சைப்போல் மெத்தென்றிருக்கும். நோயுற்றதில் முன்புறக் கீழ்மடல்கள் கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறி, தசையைப்போல் இறுகியிருக்கும். ஏழு மடல்களுக்கும் தனித்தனியே, சேதத்தின் பரப்பைப் பொறுத்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவது வழக்கிலுள்ள ஒரு முறை. மொத்தம் 28. இங்கே மதிப்பெண் குறைவதே தேர்ச்சி.

தொங்கவிடப்பட்ட நுரையீரல்கள் நகர்ந்து வர, கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்து எண்களைக் குறிக்கிறார். ஒரு பன்றியின் எண் எதையும் சொல்லாது. ஒரு பண்ணையிலிருந்து வந்த கூட்டம் முழுவதன் எண்கள் சேர்ந்தே செய்தியாகின்றன. அத்தாள் பண்ணைக்குத் திரும்பிச் செல்கிறது. சராசரி உயர்ந்திருந்தால், பண்ணையாளரும் மருத்துவரும் அமர்ந்து, ஊசியிட்ட நாள், புட்டி இருந்த குளிர்பெட்டி, கொட்டிலின் காற்றோட்டம், ஈன்ற இரவில் சீம்பால் கிடைத்த விதம் என ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஆராய்கின்றனர். அதற்குள் அடுத்த ஈற்றின் குருளைகளுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கும்.